துன்பம் யாருக்கும் பாடம் எடுப்பதில்லை

"உளியின் அடி பட்டால்தான் கல் சிலையாகும்" என்ற வகை வாசகம் நாள்தோறும் ஒன்றாவது என் கண்ணில் படுகிறது. பின்னால் ஒரு மலை, ஒரு சூரிய உதயம், கீழே குவிந்து கிடக்கும் விருப்பக்குறிகள். பகிர்பவர்கள் நல்லவர்கள்தான். வாழ்க்கையில் நன்றாக அடிபட்டவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். ஆனாலும் அந்த உவமை எனக்கு ஒருநாளும் செரித்ததில்லை. கல்லுக்கு வலிக்காது என்பது முதல் சங்கடம். அடி தாங்காமல் பாதியில் பிளந்துபோன கற்களை யாரும் பீடத்தில் ஏற்றிப் படம் எடுப்பதில்லை என்பது அடுத்தது. எல்லாவற்றையும்விட, உளி தானாக எழுந்து சிலை செய்யாது. அதைப் பிடிக்க ஒரு கை வேண்டும். வாசகத்தில் அந்தக் கையைக் காணவே காணோம்.

என் கட்சி இதுதான். துன்பம் தன்னளவில் யாரையும் வளர்ப்பதில்லை. அது வந்தபோது கையில் என்ன இருந்தது, பக்கத்தில் யார் இருந்தார்கள், அடுத்து என்ன வேலை செய்ய வழி இருந்தது என்பவைதான் வளர்க்கின்றன. இவை எதுவும் வாய்க்காத இடத்தில் துன்பம் வெறும் துன்பமாகவே நின்றுவிடுகிறது. நம் முன்னோர்களுக்கு இது தெரிந்தே இருந்தது. "பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும்" என்றுதான் சொல்லிவைத்தார்கள். பட்ட கால் உறுதிப்படும் என்று யாரும் சொல்லவில்லை.

தன்னைக் கொல்லாதது தன்னை வலுவாக்கும் என்ற பொருளில் ஜெர்மன் தத்துவவாதி நீட்சே எழுதியது 1888-ல். அடுத்த ஆண்டு ஜனவரியில் அவர் மனம் குலைந்து விழுந்தார். 1900-ல் இறக்கும்வரை முதலில் தாயும் பிறகு தங்கையும்தான் அவரைப் பராமரித்தார்கள். அவரைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. நோய் தத்துவம் படித்துவிட்டு வருவதில்லை, அவ்வளவுதான்.

இந்தப் பேச்சு எங்கே எழுந்தாலும் யாராவது ஒருவர் விக்டர் பிராங்கலைச் சாட்சிக்கு அழைக்காமல் விடமாட்டார். வியன்னாவைச் சேர்ந்த மனநல மருத்துவர், யூதர். 1942-ல் குடும்பத்தோடு நாஜிகளின் தெரசியன்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பப்பட்டு, 1944-ல் ஆஷ்விட்ஸ் போய், 1945 ஏப்ரலில் வேறொரு முகாமிலிருந்து உயிரோடு வெளியே வந்தவர். தாய், தந்தை, சகோதரர், மனைவி நால்வரையும் இழந்தார். "பாருங்கள், அந்த நரகம்தானே அவருக்கு வாழ்வின் அர்த்தத்தைக் கற்றுக்கொடுத்தது" என்பார்கள்.

ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது. 1920களின் இறுதியிலேயே அவர் வியன்னாவில் இளைஞர்களுக்கு இலவச ஆலோசனை மையங்களை ஏற்பாடு செய்திருந்தார். 1930களில், தற்கொலைக்கு முயன்ற பெண்களுக்கான மருத்துவமனைப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். வாழ்வதற்கு ஒரு காரணம் வேண்டும் என்ற அவருடைய கொள்கை அங்கேயெல்லாம் உருவானது. ஆஷ்விட்ஸுக்குள் நுழையும்போது அதை விளக்கும் கையெழுத்துப் பிரதி அவருடைய கோட்டில் இருந்தது. முகாம் கற்றுக்கொடுக்கவில்லை, இருந்ததைப் பிடுங்கிக்கொண்டது. பிற்பாடு காய்ச்சலில் கிடந்தபோது, கிடைத்த காகிதத் துண்டுகளில் அந்த நூலைச் சுருக்கெழுத்தில் மீட்டுக்கொண்டிருந்தார். முடிக்க வேண்டிய ஒரு வேலை முகாமுக்கு வெளியிலிருந்தே அவரோடு வந்திருந்தது. வாழ்க்கைக்கு அர்த்தம் கிடைக்கத் துன்பப்பட்டே ஆக வேண்டும் என்று அவர் ஒருபோதும் சொல்லவும் இல்லை. தவிர்க்கக்கூடிய துன்பத்தின் காரணத்தை ஒழிப்பதே அர்த்தமுள்ள செயல் என்பதுதான் அவர் நிலை. இந்தப் பாதியை யாரும் பகிர்வதில்லை. சூரிய உதயப் படத்துக்கு அது பொருந்தாது போலும்.

துன்பத்துக்குப் பின் வருவதாகச் சொல்லும் வளர்ச்சியை உளவியல் ஆய்வாளர்கள் அளந்து பார்க்கவும் முயன்றிருக்கிறார்கள். ரிச்சர்ட் டெடெஸ்கி, லாரன்ஸ் கால்ஹூன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1996-ல் 21 வாசகங்கள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். பேரிடிக்குப் பிறகு சிலர் உறவுகளை நெருக்கமாக உணர்கிறார்கள், தம் பலத்தை அறிகிறார்கள், புதிய பாதைகளைப் பார்க்கிறார்கள், வாழ்க்கையை மதிக்கிறார்கள், ஆன்மிகத்தில் ஆழ்கிறார்கள் என்று வகை பிரித்தார்கள். இதை மேற்கோள் காட்டுகிறவர்கள் பலரும் விட்டுவிடும் விஷயம் ஒன்று உண்டு. வளர்ச்சி வருவது சம்பவத்தால் அல்ல, அதற்குப் பின் நடக்கும் போராட்டத்தால்தான் என்று அந்த இருவருமே சொல்லியிருக்கிறார்கள். வளர்ந்தவர்களுக்கு வலி நின்றுவிடுகிறது என்றும் அவர்கள் சொல்லவில்லை. இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்கும்.

2009-ல் பட்ரிசியா ஃபிரேசியர் என்ற உளவியல் ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் கெட்டிக்காரத்தனமாக ஒரு வேலை செய்தார்கள். கல்லூரி மாணவர்கள் ஏராளமானோரை முன்கூட்டியே அளந்து வைத்துக்கொண்டார்கள். இடைப்பட்ட வாரங்களில் பெரிய அதிர்ச்சி எதையாவது சந்தித்தவர்களை மறுபடி அளந்தார்கள். "இதனால் நான் வளர்ந்திருக்கிறேன்" என்று மாணவர்கள் சொன்னதற்கும், முன்பின் அளவுகளில் தெரிந்த மாற்றத்துக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இல்லை. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. அடிபட்ட மனம் தன்னைத் தேற்றிக்கொள்ளச் சொல்லும் கதை அது, சொல்லிக்கொள்ளட்டும். ஆனால் அந்தக் கதையைச் சட்டமாக்கி அடுத்தவர் தலையில் கட்டும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது.

சரி, உண்மையிலேயே ஒருவர் வளர்ந்த கதைக்கு வருகிறேன். எல்லோருக்கும் தெரிந்த பெயர், லூயி பிரெயில். 1809-ல் பிரான்ஸில் பிறந்தவர். அப்பா குதிரைகளுக்குச் சேணம் தைப்பவர். மூன்று வயதில் அந்தப் பட்டறையில் குத்தூசியை எடுத்து விளையாடும்போது அது கண்ணில் குத்திவிட்டது. புண் சீழ் பிடித்து, மறு கண்ணுக்கும் பரவி, ஐந்து வயதுக்குள் பார்வை முழுவதும் போனது. பிற்காலத்தில் அவர் எழுத்துகளைக் குத்தியதும் குத்தூசி போன்ற ஒரு கருவியால்தான். கண்ணைப் பறித்ததே எழுத்தையும் கொடுத்தது என்று மேடையில் முடித்தால் கைதட்டல் நிச்சயம்.

நடுவே என்ன நடந்தது என்று பாருங்கள். பார்வையற்ற பையனை ஊரின் சாதாரணப் பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடு உட்கார வைக்க ஒரு பாதிரியாரும் ஓர் ஆசிரியரும் சம்மதித்தார்கள். 1819-ல், பத்து வயதில், பாரிஸில் பார்வையற்றோருக்கென இருந்த பள்ளியில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. அந்தப் பள்ளி 1785-லேயே தொடங்கப்பட்டிருந்தது. அங்கே சாதாரண எழுத்துகளையே காகிதத்தில் புடைக்க வைத்துப் படிக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு எழுத்தையும் விரலால் சுற்றிச் சுற்றித் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். புத்தகங்களோ தூக்க முடியாத கனம். பிறகு சார்ல்ஸ் பார்பியே என்பவர் தாம் உருவாக்கிய புள்ளி எழுத்தை அந்தப் பள்ளிக்குக் கொண்டுவந்தார். அதில் ஒரு கட்டத்துக்குப் பன்னிரண்டு புள்ளிகள் வரை. ஒரு விரல் நுனிக்குள் அது அடங்காது. மேலும் கீழும் விரலை நகர்த்த வேண்டும், நகர்த்துவதற்குள் முதலில் தொட்டது நினைவிலிருந்து நழுவும். பிரெயில் அதை ஆறாகக் குறைத்தார். இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று. விரலை வைத்த மாத்திரத்தில் ஓர் எழுத்து முழுசாகத் தெரிந்துவிடும். அந்த ஆறு புள்ளிகளுக்குள் 63 வடிவங்கள் இருக்கின்றன. முறை உருவானபோது அவருக்கு வயது பதினைந்து. 1829-ல் அச்சில் வெளியிட்டார். 1852-ல் காசநோயில் இறந்தார். பிரான்ஸ் அதை அதிகாரபூர்வமாக ஏற்றது 1854-ல்.

அதே காலத்தில் பார்வையிழந்த பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருந்திருப்பார்கள். அவர்களுக்கும் இருட்டு அதே இருட்டுதான். பள்ளி கிடைக்கவில்லை, உதவித்தொகை கிடைக்கவில்லை, திருத்தி எழுத இன்னொருவரின் பன்னிரண்டு புள்ளிகள் கிடைக்கவில்லை. அவர்களிடம் மனவலிமை இல்லை என்று சொல்ல யாருக்காவது வாய் வருமா?

நோக்கம் என்ற பெரிய வார்த்தைக்கும் எனக்கும் அவ்வளவு ஒத்துப்போவதில்லை. அதை எங்கோ புதைந்து கிடக்கும் புதையல்போலப் பேசுகிறார்கள். நான் பார்த்தவரை அது மிகச் சிறிய உருவத்தில்தான் வருகிறது. பெரும்பாலும் இன்னொருவரின் தேவையாகத்தான் வருகிறது.

என் தோழி ஒருவரின் கணவர் பக்கவாதத்தில் விழுந்து படுக்கையோடு ஆனார். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு தத்துவத்தோடு வந்தார்கள். "தாங்கக்கூடியவர்களுக்குத்தான் கடவுள் சோதனை கொடுப்பார்" என்றார் ஒருவர். "இதிலும் ஏதோ நல்லது இருக்கும், பாருங்கள்" என்றார் இன்னொருவர். தோழி எல்லோருக்கும் தலையாட்டிவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பார். படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். கணவருக்கோ தோழியைப்போல ஒன்றரை மடங்கு எடை. முதல் வாரங்களில் தோழியின் முதுகு போய்விட்டது. பிறகு வீட்டுக்கு வந்துபோன ஒரு செவிலியர் வழி சொல்லிக்கொடுத்தார். ஒரு போர்வையை நீளவாக்கில் இரண்டாக மடித்து, தோளிலிருந்து தொடைவரை அடியில் விரித்துவைக்க வேண்டும். ஆளைப் பிடித்து இழுக்கக் கூடாது, போர்வையைத்தான் இழுக்க வேண்டும். திரும்பியதும் முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே ஒன்று, குதிகால் மெத்தையில் அழுந்தாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று.

சில காலம் கழித்து, தெரிந்தவர் ஒருவரின் தாயார் அதே நிலையில் கிடந்தார். தோழி போய் அந்தப் போர்வை வித்தையைக் காட்டிவிட்டு வந்தார். அங்கிருந்து இன்னொரு வீடு, அதற்கடுத்து இன்னொன்று. இப்போது முன்பின் தெரியாதவர்களும் அவரைத் தொலைபேசியில் கூப்பிடுகிறார்கள். கணவர் தூங்கும் நேரத்தில் கிளம்பிப்போய், தலையணை எங்கே வைப்பது என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, அடுத்து புரட்டும் நேரத்துக்குள் வீடு திரும்பிவிடுகிறார். "உங்களுக்கு இதில் ஒரு நோக்கம் கிடைத்துவிட்டது, இல்லையா?" என்று யாரோ கேட்டதற்கு அவர் சொன்ன பதில் எனக்கு மிகவும் பிடித்தது. "எனக்கு ஒரு வேலை தெரிந்திருக்கிறது. தெரியாமலேயே இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்."

இதில் கசப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கணக்கு நேராக இருக்கிறது. கற்றதும் உண்மை, இழந்ததும் உண்மை. ஒன்றைக் காட்டி மற்றதைக் கழிக்க அவர் மறுக்கிறார். அமெரிக்காவில் கேண்டஸ் லைட்னர் என்ற தாய், 1980-ல் குடிபோதையில் கார் ஓட்டிய ஒருவரால் தன் பதின்மூன்று வயது மகளை இழந்தார். அதே ஆண்டு குடிபோதை ஓட்டுநர்களுக்கு எதிராகத் தாய்மார்களின் அமைப்பைத் தொடங்கினார். சட்டங்கள் மாறின. அந்த அமைப்பால் எத்தனையோ பிள்ளைகள் பிழைத்திருப்பார்கள். "மகள் போனதால்தானே இவ்வளவு நல்லது நடந்தது" என்று அந்தத் தாயின் முகத்துக்கு நேரே சொல்லும் துணிச்சல் யாருக்கு வரும்? முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை வாசகமாக்கி ஊருக்கெல்லாம் அனுப்பலாம் என்பது என்ன நியாயம்?

துன்பத்தைப் புகழ்வதில் இன்னொரு வசதியும் ஒளிந்திருக்கிறது. வேலை போனவரிடம் "இது உன்னைச் செதுக்கும்" என்று சொல்லிவிட்டால், வேலைக்குச் சிபாரிசு செய்யும் பொறுப்பு போய்விடுகிறது. தனியாகக் குழந்தை வளர்ப்பவரிடம் "நீ இரும்புப் பெண்" என்று சொல்லிவிட்டால், ஒரு மாலை குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும். பாராட்டு மலிவு, கைகொடுப்பதற்கு விலை அதிகம்.

கஷ்டத்திலிருந்து எதுவும் கற்க முடியாதா என்று கேட்பீர்கள். முடியும், பலர் கற்கிறார்கள். எப்போது, எந்த வேகத்தில் என்பதைப் பட்டவர் முடிவு செய்யட்டும். கற்காமல் வெறுமனே தாக்குப்பிடித்தவரையும் தோற்றவராகப் பார்க்க வேண்டாம். ஜார்ஜ் பொனானோ என்ற ஆய்வாளர் நெடுங்காலம் துக்கத்தை ஆராய்ந்து சொன்னது, பெரிய இழப்புக்குப் பிறகும் மிகப் பலர் நிலைகுலையாமல் அன்றாட வாழ்க்கையை நடத்திக்கொண்டு போகிறார்கள் என்பது. காலையில் எழுந்து, குளித்து, வேலைக்குப் போய், திரும்பி வந்து தூங்குவது. அதைப் படம் போட்டுப் பகிர முடியாது. எனக்கென்னவோ அதுவே பெரிய சாதனையாகத் தெரிகிறது.

தனக்கு நடந்ததைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு ஒரு சின்ன வழி இருக்கிறது. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1980களில் கல்லூரி மாணவர்களிடம் சோதித்தது: மனதை உறுத்தும் நிகழ்ச்சியைப் பற்றி நாளுக்குப் பதினைந்து நிமிடம், தொடர்ந்து நான்கு நாள் எழுத வேண்டும். யாருக்கும் காட்ட வேண்டியதில்லை, எழுத்துப்பிழை பார்க்க வேண்டியதில்லை. நடந்ததையும் அப்போது உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்த மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்தது. எழுதும் நாளில் மனம் கனக்கும், அதுவும் அந்த ஆய்வில் தெரிந்ததுதான். எல்லோருக்கும் பலிக்கும் மருந்தும் அல்ல. அடிபட்ட சூட்டோடு செய்யவும் வேண்டாம், கொஞ்சம் ஆறட்டும்.

வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, உயிரோடிருப்பதே பாரமாக இருக்கிறது என்றால் எழுதவும் வேண்டாம், அர்த்தம் தேடவும் வேண்டாம். கூட ஒருவரை அழைத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். நோக்கத்தை அப்புறம் தேடிக்கொள்ளலாம். அது எங்கும் ஓடிவிடாது.