தம்பியும் நான்கு லிட்டரும்

(பரிசோதனைக்கு ஐந்து நாள் முன்பு. தொலைபேசியில்.)

தம்பி: அக்கா, வெள்ளிக்கிழமை உனக்கு ஏதாவது வேலை இருக்கிறதா?

அக்கா: எதற்கு என்று முதலில் சொல். அப்புறம் வேலை இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

தம்பி: ஒரு சின்னப் பரிசோதனை. கூட ஒரு ஆள் வரவேண்டுமாம்.

அக்கா: என்ன பரிசோதனை?

தம்பி: வயிறு சம்பந்தமாக.

அக்கா: எண்டோஸ்கோபியா?

தம்பி: அதே குடும்பம்தான். வாசல்தான் வேறு.

அக்கா: கொல்லைப்புறமா?

தம்பி: சிரிக்காதே. எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. நன்றாகப் பசிக்கிறது, நன்றாகத் தூங்குகிறேன். 47 வயது ஆகிவிட்டது என்ற ஒரே குற்றத்துக்காக டாக்டர் கொலோனோஸ்கோபி எழுதிக் கொடுத்துவிட்டார். பின்பக்கமாகக் கேமராக் குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பார்களாம்.

அக்கா: தொந்தரவு வருவதற்கு முன்னால் பார்த்துவிடத்தானடா இந்தப் பரிசோதனை. முன்பு 50 வயதில் செய்தால் போதும் என்றார்கள். இளம் வயதிலேயே குடல் புற்றுநோய் வருவது கூடியதால், அமெரிக்க வழிகாட்டுதலில் 2021இல் அதை 45 ஆக்கிவிட்டார்கள். அந்தக் கணக்குப்படி நீ இரண்டு வருடம் லேட்.

தம்பி: அந்தக் குழாய் ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளமாம். கிட்டத்தட்ட என் உயரம்!

அக்கா: பெருங்குடலே ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். கடைசி வரை போய்ப் பார்க்க வேண்டாமா? தடிமன் ஒரு விரல் அளவுதான்.

தம்பி: யாருடைய விரல்?

அக்கா: உன் பயமெல்லாம் தப்பான இடத்தில் இருக்கிறது. நான் செய்துகொண்டபோது இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார்கள். கையில் ஊசி ஏற்றினார்கள். நர்ஸிடம் ஏதோ கேட்க வாயைத் திறந்தேன். மூடும்போது வேறு அறையில் இருந்தேன். அரை மணி நேரம் போயிருந்தது, அவ்வளவுதான். குழாய் ஒரு விஷயமே இல்லை. முதல் நாள் இரவு இருக்கிறது பார், அதுதான் பரிசோதனை.

தம்பி: குடலைச் சுத்தமாக்கக் குடிக்கும் அந்த மருந்துத் தண்ணீரா? ஒரு டம்ளர் குடித்தால் போயிற்று.

அக்கா: உனக்கு எவ்வளவு எழுதியிருக்கிறது?

தம்பி: இரு, பார்க்கிறேன். நான்கு... அக்கா, இங்கே லிட்டர் என்று போட்டிருக்கிறதே.

அக்கா: சில மருந்துகள் இரண்டு லிட்டரோடு முடிந்துவிடும். உனக்குப் பெரிய பங்கு. சரி, மீதித் தாளையும் படி.

தம்பி: மூன்று நாளைக்கு முன்பிருந்தே கொட்டை, விதை, தோலோடு பழம் எதுவும் கூடாது. முதல் நாள் தெளிந்த திரவம் மட்டும். தெளிந்தது என்றால் என்ன?

அக்கா: டம்ளரில் ஊற்றி, அதற்குப் பின்னால் இருக்கும் எழுத்தைப் படிக்க முடியவேண்டும். சிவப்பு, ஊதா நிறத்தில் எதுவும் வேண்டாம். உள்ளே பார்க்கும்போது இரத்தம் மாதிரி தெரியும்.

தம்பி: ஒரே ஒரு தக்காளி?

அக்கா: விதை.

தம்பி: அது துளியூண்டுதானே?

அக்கா: டாக்டர் தேடுவதும் துளியூண்டு சமாசாரம்தான். இடையில் உன் தக்காளி எதற்கு? அப்புறம், இரும்புச்சத்து மாத்திரை, இரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, சர்க்கரை மாத்திரை எது சாப்பிட்டாலும் டாக்டரிடம் முன்பே சொல். நீயாக எதையும் நிறுத்தாதே.

தம்பி: நான் சாப்பிடும் ஒரே மாத்திரை பயத்துக்குத்தான். அதுவும் இன்றைக்குத்தான் வாங்கினேன்.

அக்கா: அதையும் சொல். மயக்க மருந்து கொடுப்பவருக்குத் தெரியவேண்டும்.

(முதல் நாள் மாலை. தம்பியின் வீடு. அக்கா கூடத்தில், தம்பி கையில் டம்ளர்.)

தம்பி: கடல் தண்ணீருக்கு எலுமிச்சம்பழத்தைத் தூரத்தில் இருந்து காட்டிவிட்டு எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது.

அக்கா: குளிரவைத்து, ஸ்ட்ரா போட்டுக் குடி. நாக்குக்குத் தெரியாமல் போய்விடும்.

தம்பி: ஆனால் ஒரு மணி நேரம் ஆகிறது, ஒன்றும் நடக்கவில்லையே. சிலருக்கு உடம்பு இரும்பு மாதிரி, மருந்து வேலை செய்யாது.

அக்கா: இரும்பே, கழிப்பறைக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொள்.

தம்பி: எதற்கு? நான் நிதானமாக எழுந்து...

(டம்ளர் மேசையில். கதவு சாத்தும் சத்தம். இதற்கு மேல் கதவு வழியாகத்தான் பேச்சு.)

அக்கா: இருக்கிறாயா?

தம்பி: இருக்கிறேன். குறைந்துகொண்டு இருக்கிறேன்.

அக்கா: அடுத்த டம்ளரைக் கலந்து வைக்கட்டுமா?

தம்பி: நீ என் அக்காதானா?

அக்கா: இன்றைக்கு இரண்டு லிட்டர். மீதி இரண்டு லிட்டருக்கு விடியற்காலை நான்கு மணிக்கு எழுப்புவேன்.

தம்பி: எல்லாவற்றையும் ஒரேயடியாகக் குடித்துவிட்டுச் செத்துப்போகிறேனே?

அக்கா: இப்போது துடைத்து வைத்தாலும், இரவெல்லாம் சிறுகுடலில் இருந்து பித்தமும் கசடும் இறங்கிவந்து படிந்துவிடும். அதனால்தான் ஒன்பது மணிப் பரிசோதனைக்கு நான்கு மணிக்கு இரண்டாவது தவணை. சுத்தமாக இல்லை என்றால் இன்னொரு நாள் வரச்சொல்லி முதலில் இருந்து ஆரம்பிப்பார்கள்.

தம்பி: குடிக்கிறேன், குடிக்கிறேன். எப்போது முடிந்தது என்று தெரியும்?

அக்கா: வெறும் மஞ்சள் தண்ணீராக, தெளிவாகப் போகவேண்டும்.

தம்பி: அப்படி உள்ளே என்னதான் தேடுகிறார்கள்?

அக்கா: பாலிப். குடலின் உள்பக்கம் மரு மாதிரி முளைத்திருக்கும். எல்லாம் புற்றுநோயாக மாறாது. மாறுகிறவையும் பெரும்பாலும் பத்து வருடம் போல எடுத்துக்கொள்ளும். அதற்குள் பார்த்துவிட்டால், அதே குழாய் வழியாகக் கம்பிச் சுருக்கை விட்டுப் பிடித்து எடுத்துவிடுவார்கள். 1969இல் இருந்து, வயிற்றைக் கிழிக்காமலே செய்கிறார்கள். எனக்கு இரண்டு எடுத்தார்கள்.

தம்பி: எனக்குச் சொல்லவே இல்லையே நீ. வலித்ததா?

அக்கா: குடலின் உள்தோலுக்கு வெட்டினாலும் வலி தெரியாதாம்.

தம்பி: உள்தோலுக்கு இருக்கிற கொடுப்பினை வெளித்தோலுக்கு இல்லையே, அக்கா.

அக்கா: வாஸ்லினை மாலையிலேயே தடவிக்கொள் என்றேனே, கேட்டாயா? கதவைக் கொஞ்சம் திற, தருகிறேன். நான் கண்ணை மூடிக்கொள்கிறேன்.

(மறுநாள். மருத்துவமனையில், மயக்கம் தெளியவைக்கும் அறை.)

தம்பி: அக்கா, எப்போது ஆரம்பிப்பார்கள்?

அக்கா: முடிந்துவிட்டதடா.

தம்பி: அப்படியா! ஒன்றுமே தெரியவில்லையே. இதற்கா இவ்வளவு பயந்தேன்? (சற்று நேரம் கழித்து) அக்கா, எப்போது ஆரம்பிப்பார்கள்?

அக்கா: நான்காவது தடவை கேட்கிறாய். டாக்டர் வந்து விளக்கியபோது நீயும் பெரிய மனிதன் மாதிரி தலையாட்டினாய்.

தம்பி: டாக்டர் வந்தாரா?

அக்கா: இதற்குத்தான் கூட ஆள் வேண்டும் என்கிறார்கள். இன்று முழுக்க நீ வண்டி ஓட்டக்கூடாது, முக்கியமான எதிலும் கையெழுத்துப் போடக்கூடாது. இல்லையென்றால் அப்பாவின் வீட்டுப் பத்திரத்தைக் கையோடு எடுத்துவந்திருப்பேன்.

தம்பி: வயிறு பலூன் மாதிரி இருக்கிறதே?

அக்கா: குடலை விரித்துப் பார்க்க வாயு செலுத்தியிருக்கிறார்கள். வெளியே விடு.

தம்பி: இத்தனை பேர் முன்னாலா?

அக்கா: இந்த அறையில் விடாதவனைத்தான் முறைப்பார்கள். பக்கத்துக் கட்டில் மாமா எப்போதோ ஆரம்பித்துவிட்டார்.

(சற்று நேரம். மாமாவுக்குத் துணை கிடைத்தது.)

தம்பி: சரி, டாக்டர் என்ன சொன்னார்?

அக்கா: ஒரு பாலிப் இருந்ததாம். ஐந்து மில்லிமீட்டர். எடுத்து, புற்றுநோய் அறிகுறி இருக்கிறதா என்று பார்க்க பயாப்ஸிக்கு அனுப்பிவிட்டார். பயப்படும்படி எதுவும் தெரியவில்லையாம். ஒன்றுமே இல்லாதிருந்தால் பத்து வருடம் கழித்து வரச்சொல்லியிருப்பார். இப்போது ரிப்போர்ட் வந்த பிறகுதான் அடுத்தது எப்போது என்று சொல்வாராம். லேசாக இரத்தம் பட்டால் பரவாயில்லை. நிறையப் போனாலோ, வயிறு கடுமையாக வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே வரவேண்டும்.

தம்பி: ஐந்து மில்லிமீட்டர்! நல்லவேளை, வந்தோம். பார்த்தாயா, நான் ஒழுங்காகப் பத்தியம் இருந்ததால்தானே அவ்வளவு சின்னதுகூடத் தெரிந்தது?

அக்கா: அதையும் சொன்னார். குடல் நன்றாகச் சுத்தமாகியிருந்ததாம்.

தம்பி: ஆ!

அக்கா: வலது பக்கத்தில் ஏழு தக்காளி விதை தவிர.

தம்பி: தக்காளியா? யார்? நானா?

அக்கா: கலர் படம் கொடுத்திருக்கிறார். மூலையில் உன் பெயர், தேதி, நேரம் எல்லாம் இருக்கிறது. பார்க்கிறாயா?

தம்பி: (கண்ணை மெல்ல மூடிக்கொண்டு) அக்கா... எப்போது ஆரம்பிப்பார்கள்?