ஒரு ஃபோன் போட்டால் கப்பல் வந்துவிடாது

போர்க்காலத்தில் நடுநிலை நாடு ஒன்றிலிருந்து சரக்கு வரவழைப்பது பற்றித் தொலைக்காட்சியில் நடந்த விவாதத்தின் துண்டு வீடியோவை நேற்று ராத்திரி நிறையப் பேர் அனுப்பிவிட்டீர்கள். போதும், பார்த்தாயிற்று. "அது நடுநிலை நாடு, நமக்கு நட்பு நாடும்கூட. மேலிருந்து ஒரு ஃபோன் போட்டால் கப்பல் கிளம்பிவிடும், அதிகாரிகள்தான் இழுத்தடிக்கிறார்கள்" என்று விவாதத்துக்கு வந்த ஒருவர் சொல்ல, நெறியாளர் தலையாட்ட, கீழே கைதட்டல் மழை. சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய தம்புச் செட்டித் தெருவிலும் லிங்கிச் செட்டித் தெருவிலும் சரக்குக் காகிதம் பார்த்தே தலை நரைத்தவர்கள் எத்தனை பேர். அதில் ஒருவரைக் கூப்பிட்டு உட்காரவைக்க அந்தத் தொலைக்காட்சிக்குத் தோன்றவில்லை. அதுதான் முதலில் வலித்தது.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். போர்க்காலத்தில் நடுநிலை நாட்டோடு வணிக ஒப்பந்தம் பேசும்போது பேசுகிறவர்கள் இரண்டு பேர் அல்ல, மூன்று பேர். மூன்றாவது ஆள் எதிரி. அவன் அறையில் இருக்க மாட்டான். ஆனால் அவன் ஒத்துக்கொள்ளாத வரி எதுவும் கடலில் செல்லுபடியாகாது.

ஸ்வீடனை எடுத்துக்கொள்ளுங்கள். 1940 ஏப்ரலில் ஜெர்மனி டென்மார்க்கையும் நார்வேயையும் பிடித்ததும் ஸ்வீடனின் மேற்குக் கடல்வழி அடைபட்டுப்போனது. அந்த நாடு யாரோடும் போரில் இல்லை. அப்படியிருந்தும் எண்ணெய் வேண்டும், தானியம் வேண்டும் என்றால் பிரிட்டனிடமும் கேட்க வேண்டும், ஜெர்மனியிடமும் கேட்க வேண்டும். இரண்டு பேரும் தனித்தனியாக ஒப்புக்கொண்ட பிறகுதான் கோத்தன்பர்க் துறைமுகத்திலிருந்து மாதத்துக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய கப்பல்கள் போய் வந்தன. எந்தக் கப்பல், என்ன சரக்கு, எந்த வழி, எந்தத் தேதி என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே இரண்டு பக்கத்துக்கும் சொல்லியாக வேண்டும். 1943 ஜனவரியில் ஜெர்மனிக்குக் கோபம் வந்தது, போக்குவரத்து நின்றது. ஸ்வீடனுக்கும் பிரிட்டனுக்கும் நடுவே இருந்த காகிதத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. கப்பல் மட்டும் துறையிலேயே கிடந்தது.

1942இல் கிரீஸில் ஜனங்கள் பட்டினியால் செத்துக்கொண்டிருந்தபோது கனடா கோதுமையை மாதம் 15,000 டன் அனுப்ப முடிந்ததும் இதே வழியில்தான். ஸ்வீடன் கப்பல்கள் போயின. முற்றுகை போட்டிருந்த பிரிட்டனும் சம்மதிக்க வேண்டியிருந்தது, கிரீஸைப் பிடித்து வைத்திருந்தவர்களும் பாதுகாப்பு அனுமதி தர வேண்டியிருந்தது. பசிக்கிற பிள்ளைக்குக் கோதுமை கொடுக்கவே மூன்றாவது ஆளின் சம்மதம் வேண்டியிருந்தது என்றால், வணிகச் சரக்குக்கு ஒரு ஃபோன் போதுமா?

அடுத்து, கையெழுத்து போடுவது யார்? விவாதத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. நடுநிலை அரசு "இந்தச் சரக்கை உன் எதிரிக்கு விற்க மாட்டேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டால், அடுத்த நிமிடமே எதிரி "உன் நடுநிலை எங்கே?" என்று சட்டையைப் பிடிப்பான். 1914 நவம்பரில் நெதர்லாந்து வணிகர்களும் வங்கிகளும் கப்பல் கம்பெனிகளும் சேர்ந்து தனியார் நிறுவனம் ஒன்றைத் தொடங்கியது அதனால்தான். சரக்குச் சீட்டில் பெறுநர் என்ற இடத்தில் அந்த நிறுவனத்தின் பெயர்தான் இருக்க வேண்டும். உள்ளூர் வணிகர் ஈடு கட்டித்தான் சரக்கை எடுக்க முடியும். எல்லை தாண்டி விற்றால் ஈடு போச்சு. அரசு எந்த வாக்குறுதியும் தரவில்லை, ஆனால் பிரிட்டன் கேட்டது கிடைத்துவிட்டது. 1939 நவம்பரில் நார்வேயின் 150 பெரிய எண்ணெய்க் கப்பல்களை பிரிட்டன் வாடகைக்குப் பேசியபோதும் எதிரே உட்கார்ந்தது நார்வே அரசு அல்ல, அங்குள்ள கப்பல் உரிமையாளர் சங்கம். மேலிருந்து ஃபோன் போட்டிருந்தால் அந்த ஏற்பாடே கெட்டிருக்கும். தலைவர்கள் வெளியே தெரியாமல் இருந்ததால்தான் காரியம் நடந்தது.

"அவர்கள் எதிரிக்கும் விற்கிறார்களே, இது துரோகம் இல்லையா?" என்று கமெண்டில் கேட்கத்தான் போகிறீர்கள். இல்லை. 1939 டிசம்பர் 7இல் லண்டனோடு கையெழுத்திட்ட ஸ்வீடன், அதே மாதம் பெர்லினோடும் கையெழுத்திட்டது. இரண்டு பக்கமும் விற்க முடிந்தால்தான் அது நடுநிலை நாடு. ஒரு பக்கம் மட்டும் விற்றால் அதற்குப் பெயர் கூட்டாளி, அடுத்த குண்டு அதன் தலையில் விழும். நம்மால் கேட்க முடிந்தது அளவு மட்டும்தான். போருக்கு முந்தைய ஆண்டில் எவ்வளவு விற்றாயோ அதற்குமேல் விற்காதே என்று உச்சவரம்பு கட்டலாம். ஸ்வீடனின் இரும்புத் தாதுவில் நடந்தது அதுதான். அப்படிக் கேட்க வேண்டுமென்றால் பழைய சுங்கப் புள்ளிவிவரத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது வாரக்கணக்கில் உட்கார வேண்டும். அந்த உட்காருகிறவனைத்தான் நேற்று இழுத்தடிக்கிறவன் என்றார்கள்.

விலையும் பணத்தில் மட்டும் இருக்காது. 1940 ஜனவரியில் துருக்கியின் குரோமியத் தாதுவை பிரிட்டனும் பிரான்ஸும் பேசி வாங்கியபோது, வேண்டாத உலர்பழத்தையும் சேர்த்து வாங்க வேண்டி வந்தது. துருக்கிக்குத் தாதுவைவிட அந்த விவசாயியின் அத்தியும் திராட்சையும் விலைபோவதுதான் பெரிய கவலை, ஏனென்றால் அதுவரை அவற்றை அதிகம் வாங்கியது ஜெர்மனி. துருக்கி நீண்ட காலத்துக்குக் கேட்டது, பிரிட்டன் குறுகிய காலம் போதும் என்றது. 1941 அக்டோபரில் துருக்கி ஜெர்மனியோடு பேசி, பிரிட்டனின் கெடு முடிந்த பிறகு 1943இல் ஆயுதங்களுக்கு ஈடாக 90,000 டன் வரை தருவதாக எழுதிக் கொடுத்துவிட்டது. கால அளவு என்ற ஒரு பத்தியில் கஞ்சத்தனம் பார்த்ததற்குக் கொடுத்த விலை அது.

"இதெல்லாம் பாட்டன் காலத்துக் கதை" என்பவர்களுக்கு கருங்கடல். போருக்கு நடுவே உக்ரைன் தானியத்தைக் கப்பலில் வெளியே கொண்டுவருவதற்காக, 2022 ஜூலை 22இல் இஸ்தான்புல்லில் உக்ரைனும் ரஷ்யாவும் ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போடவில்லை. ஐ.நா.வோடும் துருக்கியோடும் ஆளுக்கொரு காகிதம். காலம் 120 நாள். போகும்போதும் வரும்போதும் இஸ்தான்புல் அருகே கப்பலை நிறுத்தி, நான்கு தரப்பு ஆட்களும் ஏறி, சரக்கறையையும் மாலுமிகள் பட்டியலையும் சரிபார்க்க வேண்டும். தினமும் இத்தனை கப்பலைச் சோதித்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. விளைவு? சில மாதங்களில் சோதனை வேகம் பாதியானது, மர்மரா கடலில் கப்பல்கள் வரிசைகட்டி நின்றன. ஒப்பந்தத்தை யாரும் மீறாமலேயே நெரிக்க முடிந்தது. முதலில் கிளம்பிய ரசோனி என்ற கப்பல் 26,000 டன் மக்காச்சோளத்தோடு லெபனானை நோக்கிப் போனது, ஐந்து மாதத் தாமதம் என்று சொல்லி வாங்கவேண்டியவர் சரக்கே வேண்டாம் என்றுவிட்டார். இத்தனைக்கும் நடுவில் ஏறக்குறைய 3.3 கோடி டன் தானியம் வெளியே வந்தது. 2023 ஜூலை 17இல் ரஷ்யா விலகியது, அத்தோடு முடிந்தது. மூன்றாவது ஆள் எழுந்து போனால் மேசையே இல்லை.

சரி, அதிகாரிகள் தாமதிப்பதே இல்லையா? தாமதிப்பார்கள். 1917இல் நார்வேக்குத் தானியம் பேச வாஷிங்டன் போன அந்நாட்டுத் துருவப் பயணி நான்சென் 1918 ஏப்ரல் 30இல்தான் கையெழுத்திட்டார். அதற்குள் நார்வேயில் ரேஷன் வந்துவிட்டது. அதற்குமேல் அந்தப் பக்கத்து வாதத்தை என்னால் மதிக்க முடியவில்லை.

"பலம் இருந்தால் பிடுங்கிக்கொள்ள வேண்டியதுதானே" என்றும் ஒருவர் சொன்னார். 1918 மார்ச்சில் அமெரிக்கா தன் துறைமுகங்களில் நின்ற 87 நெதர்லாந்துக் கப்பல்களை எடுத்துக்கொண்டது. அதற்குச் சட்டத்தில் இடம் இருந்தது, இழப்பீடும் பேசப்பட்டது. ஆனால் துறைமுகத்தில் நிற்கிற கப்பலை ஒரு முறைதான் எடுக்க முடியும். மறுமுறை அந்தக் கொடி உங்கள் துறைமுகம் பக்கம் தலைவைத்துப் படுக்குமா?

எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் குண்டு போட்ட ஊர் இது. உயர் நீதிமன்றச் சுவர்க் கல்வெட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறோமே, 1914 செப்டம்பரில் இங்கே வருவதற்குச் சில நாள் முன்னால் அந்தக் கப்பல் வங்கக் கடலில் என்ன செய்தது என்று படித்திருக்கிறோமா? ஆங்கிலேயருக்காக இந்திய நிலக்கரி ஏற்றிப்போன பொன்டோபோரோஸ் என்ற கிரேக்கக் கப்பலை மறித்தது. கொடி நடுநிலை, சரக்கு எதிரியுடையது. கப்பலை மூழ்கடிக்காமல், அதன் தலைவரோடு பேசித் தனக்கே வாடகைக்கு அமர்த்திக்கொண்டது. லொரெடானோ என்ற இத்தாலியக் கப்பலை நடுநிலை என்று விட்டுவிட்டது, அது போய் மற்றக் கப்பல்களுக்குத் தகவல் சொல்லிவிட்டது. கொடியைப் பார்ப்பதா, சரக்கைப் பார்ப்பதா என்ற கேள்வி நம் வாசலிலேயே நடந்திருக்கிறது. நாமோ ஒரு ஃபோன் என்கிறோம்.

இன்றைக்கு அந்தக் கேள்வியைக் கேட்பவர் காப்பீட்டாளர். இரண்டாம் உலகப் போரில் ஒழுங்காக நடப்பதாக உறுதி எழுதிக் கொடுத்த கப்பலுக்குத்தான் பிரிட்டன் நிலக்கரியும் காப்பீடும் பழுதுபார்ப்பும் கொடுத்தது. 2022 டிசம்பர் 5இல் மேற்கத்திய நாடுகள் ரஷ்யக் கச்சா எண்ணெய்க்குப் பீப்பாய்க்கு 60 டாலர் என்று விலை வரம்பு போட்டதும் அதே பிடிதான். விலை வரம்புக்குள் என்ற உறுதிச் சான்று இல்லாவிட்டால் மேற்கத்தியக் காப்பீடு இல்லை என்றார்கள். போர் அபாயக் காப்பீட்டை ஏழு நாள் முன்னறிவிப்பில் ரத்து செய்யலாம் என்பது வழக்கமான விதி, நிலைமை முற்றினால் அது 72 மணி நேரமாகச் சுருங்கும். ஒப்பந்தம் பேசி, சரக்கு ஏற்றி, கப்பல் நடுக்கடலில் போகும்போது காப்பீடு போய்விட்டால் கூடுதல் கட்டணம் யார் தலையில்? வாடகைக்கு எடுத்தவர் தலையிலா, உரிமையாளர் தலையிலா? அதை எழுதாத ஒப்பந்தம் தகராறில்தான் முடியும்.

மாலுமிகளைப் பற்றி அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு சொல் வந்ததா? முதல் உலகப் போரில் நார்வே கடைசிவரை நடுநிலை நாடு. அதன் மாலுமிகள் சுமார் 2,000 பேர் கடலில் செத்தார்கள். 2024 மார்ச் 6இல் ஏடன் வளைகுடாவில் ட்ரூ கான்ஃபிடன்ஸ் கப்பலில் ஏவுகணை பட்டு மூன்று பேர் இறந்தார்கள். பார்படாஸ் கொடி. பார்படாஸுக்கு அங்கே யாரோடு சண்டை? மீதிப் பேரைக் காப்பாற்றியது நம் ஐ.என்.எஸ். கொல்கத்தா. தூத்துக்குடியிலும் ராயபுரத்திலும் இருந்து கப்பலேறுகிற பிள்ளைகளின் பெற்றோரும் நேற்று அந்த விவாதத்தைப் பார்த்திருப்பார்கள்.

அவர்களுக்காக இதையாவது எழுதிவிடுகிறேன். கப்பல் போர் மண்டலத்துக்குப் போகிறது என்றால், மகனின் வேலை ஒப்பந்தம் மாலுமிகளுக்கான சர்வதேசத் தொழிற்சங்க (ITF) உடன்பாட்டின் கீழ் வருகிறதா என்று முதலில் கேளுங்கள். வந்தால், அறிவிக்கப்பட்ட பகுதியில் அடிப்படைச் சம்பளத்துக்குச் சமமான கூடுதல் தொகை உண்டு, மரணத்துக்கும் ஊனத்துக்கும் இழப்பீடு இரட்டிப்பு. போக மாட்டேன் என்று சொல்லவும் உரிமை உண்டு, அப்படிச் சொன்னால் கம்பெனி தன் செலவில் ஊருக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பத்தி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று ஏறுவதற்கு முன்னால் பாருங்கள், முகவர் வாய்ச்சொல்லில் சொன்னால் நம்பாதீர்கள்.