இல்லாத சரக்கை எப்படி விற்பது?

1994 டிசம்பர். நான் நாகர்கோவிலில் கல்லூரி இரண்டாம் வருடம். காலையில் டீக்கடைக்குப் போனால் ஒரே பேச்சுதான், இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணன் கிரையோஜெனிக் (கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளில் ஓடும்) ராக்கெட் இன்ஜின் ரகசியத்தை மாலத்தீவுப் பெண்கள் மூலமாக வெளிநாட்டுக்கு விற்றுவிட்டார் என்று. அவர் எங்கள் நாகர்கோவிலில் பிறந்தவர் வேறு, அதனால் "ஊர் மானத்தையே வாங்கிட்டான்" என்று கோபம் இரட்டிப்பு. மலையாளப் பத்திரிகைகளில் வந்த கதைகளை ஒருவர் சத்தமாக வாசிப்பார், மற்றவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். அந்தப் பெண்களைப் பற்றிப் பேசியதை இங்கே எழுத முடியாது, அதற்கும் சிரித்தேன்.

பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் மட்டும் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "போன வருசம்தானடே ரஷ்யாக்காரன் கிரையோஜெனிக் டெக்னாலஜிய தரமாட்டேன்னு கைய விரிச்சான்? நம்மகிட்ட இல்லாத சரக்க இவரு எப்படிடே விப்பாரு?"

யாரிடமும் பதில் இல்லை. "அண்ணாச்சிக்கும் பங்கு வந்திருக்கும் போல" என்று ஒருவர் சொன்னதும் கடையே சிரித்தது. அதன் பிறகு அவர் அந்தப் பேச்சில் வாய் திறக்கவே இல்லை.

அவர் கேட்டது ராக்கெட் விஞ்ஞானம் படித்தவன் கேட்கிற கேள்வி இல்லை. அமெரிக்காவின் நெருக்கடியால் 1993-ல் ரஷ்யா பின்வாங்கியது பேப்பரில் வந்த செய்தி, நாங்களும் படித்ததுதான். சொந்த கிரையோஜெனிக் இன்ஜினோடு இஸ்ரோவின் ஜிஎஸ்எல்வி ராக்கெட் முதன்முதலில் வெற்றிகரமாகப் பறந்தது 2014 ஜனவரியில், அதாவது நம்பி நாராயணன் 'விற்று' கிட்டத்தட்ட இருபது வருடம் கழித்து. எங்களுக்கு அறிவு இல்லாமல் இல்லை, அத்தனை பேர் ஒரே மாதிரிப் பேசும்போது நடுவில் கேள்வி கேட்கிற ஆளாக இருக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

நம்பி நாராயணன் 50 நாள் சிறையில் இருந்தார். 1996-லேயே சிபிஐ குற்றச்சாட்டுகள் பொய் என்று அறிக்கை கொடுத்துவிட்டது. 50 லட்சம் இழப்பீடு கொடுக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது 2018-ல். மறு வருடம் பத்மபூஷண். உடனே எல்லாரும் "எங்களுக்கு அப்பவே தெரியும்" என்றார்கள், அன்றைக்குச் சத்தமாக வாசித்தவர் உட்பட.

சரி, அந்தப் பெண்கள்? மரியம் ரஷீதாவும் ஃபௌசியா ஹசனும் அதே பொய் வழக்கில் மூன்று வருடத்துக்கும் மேல் சிறையில் கிடந்தார்கள். அவரைக் கொண்டாடுகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர்கள் ஞாபகம் இருக்கிறது? அன்றைக்குக் கூட்டம் திட்டச் சொன்னது, திட்டினோம். பிறகு கொண்டாடச் சொன்னது, கொண்டாடினோம். இவர்களைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, நாமும் எதுவும் நினைக்கவில்லை.

இப்படிச் சொன்னால், அப்போ புகார் சொல்கிறவர்கள் எல்லாம் பொய்யர்களா என்று சிலர் வருவார்கள். நான் அதைச் சொல்லவில்லை. ஒரு பெரிய மனிதர் மேல் ஒரு பெண் புகார் சொல்லும்போது "அவர் அப்படிப்பட்டவரே இல்லை" என்று விசாரிக்காமலே கூட்டமாகக் கிளம்புகிறார்களே, அதுவும் அதே டீக்கடைதான். ஊர் ஒரு பக்கம் போனால் நான் எதிர்ப்பக்கம்தான் போவேன் என்பதும் அப்படித்தான், அங்கேயும் முடிவு செய்வது ஊர்தானே?

போன மாதம் எங்கள் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் கோயில் கொடைக்கு (திருவிழாவுக்கு) வசூலித்த வரிப் பணத்தில் 18,000 ரூபாயைக் காணோம் என்று கணக்கு நோட்டின் ஒரு பக்கத்தைப் போட்டோ எடுத்துப் போட்டார்கள். வசூலித்த பையனை அரை மணி நேரத்தில் திருடனாக்கிவிட்டார்கள். நானும் ஒரு வரி டைப் அடித்துவிட்டு, அனுப்பாமல் அழித்துவிட்டு அவன் வீட்டுக்குப் போனேன். "மாமா, நீங்களாவது வந்து கேட்டீங்களே" என்று நோட்டைக் கையில் கொடுத்தான். போட்டோவில் இல்லாத அடுத்த பக்கத்தில் பந்தல்காரருக்குக் கொடுத்த 12,000-க்கு ரசீது ஒட்டியிருந்தது. மீதி 6,000-க்கு அவனால் கணக்குச் சொல்ல முடியவில்லை.

இரண்டையும் அப்படியே குரூப்பில் எழுதினேன். திட்டியவர்களுக்கும் என் மேல் கோபம், அவன் வீட்டாருக்கும் கோபம். அந்த ஆறாயிரம் எங்கே போனது என்று எனக்கு இன்னும் தெரியாது.