குப்பையைப் பிரிச்சுப் போடுறது யாருக்காக?

பூமியைக் காப்போம்னு எழுதின டீ-ஷர்ட்டைப் பார்த்தா எனக்கு லேசா எரிச்சல் வரும். தப்பா எடுத்துக்காதீங்க, நானும் லீவு நாள்ல கையுறை மாட்டிக்கிட்டு சாக்கைத் தூக்கிட்டுப் போற ஆளுதான். ஆனா பூமின்னு பெருசா ஆரம்பிச்சாலே பேச்சு எங்கேயோ போயிடுது, பனிக்கரடி, ஓசோன், அடுத்த தலைமுறைன்னு ஒரு மணி நேரம் பேசிட்டு கையில இருக்கிற காலி கப்பை எந்த டப்பாவுல போடுறதுன்னு தெரியாம முழிப்போம். குப்பை நம்ம கையை விட்டதும் அடுத்து போறது இன்னொரு மனுஷன் கைக்கு. ரீசைக்கிளிங்கோட முதல் லாபமும் முதல் நஷ்டமும் அந்தக் கைக்குத்தான், பூமியோட முறை அதுக்கப்புறம்தான் வரும்னு நான் நினைக்கிறேன்.

முதல்ல "அதெல்லாம் வேஸ்ட்டுப்பா, எல்லாத்தையும் ஒண்ணாத்தான் கொண்டுபோய்க் கொட்டுறான்" கோஷ்டிக்கு வருவோம். அவங்க சொல்றதுல பாதி உண்மை இருக்கு, மறுக்கல. 2015 வரைக்கும் உலகத்துல சேர்ந்த மொத்த பிளாஸ்டிக் கழிவுல ரீசைக்கிள் ஆனது சுமார் 9 சதவீதம்தான்னு 2017ல வந்த ஒரு ஆய்வு கணக்குப் போட்டுச்சு, கிட்டத்தட்ட 79 சதவீதம் குப்பைமேட்டுலயும் வெளியிலயும் அப்படியே கிடக்கு. டப்பாவுக்கு அடியில முக்கோணத்துக்குள்ள 1ல இருந்து 7 வரைக்கும் நம்பர் இருக்கும் பாருங்க, அதைப் பார்த்துட்டு ஆஹா இது ரீசைக்கிள் ஆகும்னு நாம நம்பிடுறோம், ஆனா அது எந்த வகை பிளாஸ்டிக்னு சொல்ற நம்பர் மட்டும்தான், 1988ல அமெரிக்க பிளாஸ்டிக் தொழில் சங்கம் கொண்டுவந்தது. 1, 2 போட்டதை எடுத்துக்க ஆள் இருப்பாங்க, 3, 6, 7 எல்லாம் பெரும்பாலும் சீண்டுறதுக்கே ஆள் கிடையாது. அதைச் சுத்தி ரீசைக்கிளிங் சின்னம் மாதிரியே அம்புக்குறி போட்டது சாமர்த்தியமான வேலைன்னு எனக்கு எப்பவுமே தோணும், சரி அது தனிக்கதை.

ஆனா பிளாஸ்டிக் வாங்கின மார்க்கை வச்சு மொத்த ரீசைக்கிளிங்கையும் ஃபெயில் போடுறது நியாயமே இல்லங்க. பாக்சைட் மண்ணைத் தோண்டி புதுசா அலுமினியம் எடுக்குறதுக்கு ஆகுற மின்சாரத்தோட ஒப்பிட்டா, பழைய கேனை உருக்குறதுல சுமார் 95 சதவீதம் மிச்சம். கண்ணாடியை எத்தனை தடவை வேணாலும் உருக்கலாம், தரம் குறையாது. பேப்பருக்கு மட்டும் ஒவ்வொரு சுத்துலயும் நார் குட்டையாகிட்டே வரும், ஒரு அஞ்சு ஏழு தடவை தாங்கும், அப்புறம் முடிஞ்சுது.

இப்ப அந்தக் கை விஷயத்துக்கு வரேன். தரம் பிரிக்கிற இடத்துல ஒரு பெல்ட் ஓடிட்டே இருக்கும், ரெண்டு பக்கமும் ஆளுங்க நின்னு கண்ணு மூடித் திறக்குறதுக்குள்ள பாட்டிலைத் தனியா, அட்டையைத் தனியா எடுத்துப் போடணும். நாம "ஒருவேளை ரீசைக்கிள் ஆகுமோ என்னமோ, போட்டு வைப்போம்"னு போடுற கேரி பேக் இருக்கே, அது போய் மெஷினோட உருளையில சுத்திக்கும், தலைமுடி சீப்புல சுத்துற மாதிரி சுத்திச் சுத்தி இறுகிடும், அப்புறம் மெஷினை நிறுத்திட்டு ஒருத்தர் உள்ள இறங்கி கத்தியால அறுத்து அறுத்து எடுக்கணும். நல்ல எண்ணத்துல போட்டதுதான், ஆனா வேலை யாருக்குன்னு பாருங்க. எண்ணெய்ப் பிசுக்கோட ஒரு டப்பாவைப் போட்டா பக்கத்துல இருக்கிற நல்ல அட்டையும் சேர்ந்து கெட்டுப்போயிடும். உடைஞ்ச கண்ணாடியை, ஊசியை, பிளேடை எதுலயும் சுத்தாம கவருக்குள்ள போட்டுக் கட்டுறவங்களைப் பத்தி நான் என்ன சொல்ல, வெளியில இருந்து பார்த்தா அது எல்லா கவரும் மாதிரி ஒரு கவர்தான், கையை விட்டாத்தான் தெரியும்.

பேட்டரியும் இதே கேஸ்தான். பழைய ஃபோன், பொம்மை, இயர்பட்ஸ்னு எதுக்குள்ளயோ லித்தியம் பேட்டரி இருக்கும், குப்பை லாரிக்குள்ள அது நசுங்கினா தீப்பிடிக்கும், லாரியோட எரிஞ்சிருக்கு, கிடங்கோட எரிஞ்சிருக்கு. 2022ல மட்டும் உலகத்துல சேர்ந்த எலக்ட்ரானிக் கழிவு 6.2 கோடி டன், அதுல முறையா சேகரிச்சு ரீசைக்கிள் ஆனதா பதிவானது 22.3 சதவீதம். மிச்சம் எங்க போச்சுன்னா, வீட்டு டிராயர்ல கொஞ்சம், குப்பைமேட்டுல கொஞ்சம், செம்புக்காக வயரைக் கொளுத்தி அந்தப் புகையை முழுங்கிட்டு உட்கார்ந்திருக்கிறவங்க கையில கொஞ்சம்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியறதில்ல. ரீசைக்கிளிங்குக்காக உலகத்துல சேகரமாகுற பிளாஸ்டிக்ல கிட்டத்தட்ட 60 சதவீதத்தைப் பொறுக்கிச் சேர்க்கிறது கம்பெனியோ மெஷினோ கிடையாது, குப்பை பொறுக்குற தனி மனுஷங்கன்னு 2020ல வந்த ஒரு மதிப்பீடு சொல்லுது. சம்பளம் கிடையாது, இன்சூரன்ஸ் கிடையாது, மரியாதையும் கிடையாது. 2017 மார்ச்ல எத்தியோப்பியாவுல அடிஸ் அபாபாவோட குப்பைமேடு சரிஞ்சு 100 பேருக்கு மேல செத்தாங்க, அடுத்த மாசமே இலங்கையில மீதொட்டமுல்லை குப்பைமேடு சரிஞ்சு 30 பேருக்கு மேல போனாங்க. மக்குற குப்பையைத் தனியா எடுத்து உரமாக்கினா மேடு அந்த அளவுக்கு வளராது, உள்ளுக்குள்ள காத்தில்லாம அழுகி மீத்தேன் வர்றதும் குறையும். அந்த மீத்தேன் 20 வருஷக் கணக்குல பார்த்தா கார்பன் டை ஆக்சைடை விட 80 மடங்குக்கு மேல சூடேத்துற வாயு. மேடு சரியாம இருக்கிறது மேட்டடியில குடியிருக்கிறவங்களுக்கு, மீத்தேன் குறையறது எல்லாருக்கும்.

சரி, தன்னார்வத் தொண்டு. சாக்கைப் பிடிச்சுக்கிட்டு பத்து பேர் போட்டோ எடுத்துட்டு கிளம்புற கூத்தை நானும் பார்த்திருக்கேன். பேனர், பேனருக்கு முன்னாடி பிளாஸ்டிக் தண்ணி பாட்டில், முடிஞ்சதும் சேர்த்த சாக்கு எல்லாம் அதே ஓரத்துல ரெண்டு வாரம் கிடக்கும். கேலி பண்றவங்க கேலி பண்ணட்டும், எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா ஒருதடவை நிஜமாவே குனிஞ்சு பொறுக்கிப் பாருங்க. மணல்ல சிகரெட் துண்டு ஒண்ணு எடுப்போம், பக்கத்துலயே இன்னொண்ணு, அந்த இடத்தை விட்டு நகரவே முடியாது. பஞ்சு மாதிரி இருக்கிற அந்த ஃபில்டர் செல்லுலோஸ் அசிடேட்ங்கிற பிளாஸ்டிக்னு எனக்கு அங்கதான் ஒருத்தர் சொன்னாரு. அதுக்கப்புறம் கடைக்குப் போனா கண்ணு தானா கவரைத்தான் பார்க்கும், உள்ள இருக்கிற பொருளை அப்புறம்தான் பார்க்கும். பக்கத்துத் தெருவுலயே இருந்தும் பேசாத மனுஷங்க கூட சாக்கோட ஒரு முனையை நீங்க பிடிங்க நான் பிடிக்கிறேன்னு பேச ஆரம்பிச்சிடுவாங்க, அதுவும் சும்மா இல்ல.

பொறுக்குறதை விட முக்கியமான வேலை, பொறுக்கினதை எண்ணிக் கணக்கு வைக்கிறது. 1986ல அமெரிக்காவுல டெக்சாஸ் கடற்கரையில ரெண்டு பெண்கள் ஆரம்பிச்சதுதான் இன்னைக்கு வருஷா வருஷம் பல நாடுகள்ல நடக்குற சர்வதேசக் கடற்கரைத் துப்புரவு. ஆரம்பத்துல இருந்தே அங்க என்னென்ன கிடைச்சுதுன்னு ஒரு அட்டையில குறிக்கச் சொன்னாங்க. எஸ்டோனியாவுல 2008 மே மாசம் ஒரே நாள்ல 50,000 பேர் சேர்ந்து 10,000 டன் குப்பையை அள்ளினாங்கன்னு எல்லாரும் சொல்லுவாங்க, ஆனா அதுக்கு முன்னாடி மாசக்கணக்கா காட்டுக்குள்ள சுத்தி எங்கெங்க குப்பை கொட்டியிருக்குன்னு மேப்ல குறிச்சு வச்சாங்களே அந்த வேலை இல்லன்னா ஒரு நாள்ல முடிஞ்சிருக்காது.

"நாம அள்ளினா அரசாங்கமும் கம்பெனியும் தப்பிச்சுக்கும்"னு ஒரு வாதம் இருக்கு, எனக்குப் பிடிச்ச வாதம்தான், நியாயமான கோபம். வெறுமனே அள்ளிட்டு வந்தா கண்டிப்பா தப்பிச்சுக்கும். எண்ணி வச்சா அவ்வளவு சுலபமா முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2019ல ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடுற பிளாஸ்டிக்குக்கு எதிரா சட்டம் போட்டப்ப எதெதைத் தொடணும்னு முடிவு பண்ணினது கடற்கரையில எண்ணின கணக்கை வச்சுதான். ஸ்ட்ரா, ஸ்பூன், தட்டு, காது குடையுற குச்சி எல்லாம் 2021 ஜூலைல இருந்து அங்க விற்கக்கூடாது. மூடியும் அந்தக் கணக்குல மாட்டுச்சு, அதனால 2024 ஜூலைல இருந்து அங்க விக்கிற தண்ணி, கூல் டிரிங்க்ஸ் பிளாஸ்டிக் பாட்டில்ல திறந்தாலும் மூடி கழண்டு வராம பாட்டிலோடயே ஒட்டியிருக்கணும். குடிக்கும்போது மூக்குல இடிக்குதுன்னு நிறைய பேர் திட்டுறாங்க. திட்டட்டும்.