நாற்பது வரி எழுதிய குற்றத்துக்காக

சனிக்கிழமை நம் ஊர் சாஃப்ட்வேர்க்காரர்கள் கூட்டத்தில் நான் பேசப்போய் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்த வீடியோவைக் காலையிலிருந்து ஆளாளுக்கு எனக்கே அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள், சிரிப்பு எமோஜியோடு. சரி, எழுதிவிடுகிறேன்.

ஒரு பக்கத்தில் இருக்கும் எழுத்தைப் புது விண்டோவுக்குக் கொண்டுபோக நான் காட்டிய புரோகிராம் கோடு நாற்பது வரி. கூட்டத்திலிருந்து ஒரு தம்பி எழுந்து வந்து ஒரே வரியில் முடித்தார். யூஆர்எல், அதாவது பக்கத்தின் முகவரி, அதன் கடைசியில் ஒரு கேள்விக்குறி, அதன் பின்னால் மொத்தத் தகவலும், புது விண்டோவைத் திறக்க ஒரு விண்டோ.ஓப்பன். கைதட்டல். "அண்ணன் இன்னும் 2005லயே இருக்காரு" என்றதற்கு அதைவிடப் பெரிய கைதட்டல்.

நான் சொன்னது ஒன்றுதான், இப்போதும் அதையேதான் சொல்கிறேன்: அடுத்தவருடைய சொந்தத் தகவலை யூஆர்எல்லில் போடாதீர்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் சாஃப்ட்வேரைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். ரிப்போர்ட்டைப் பிரிண்ட் எடுக்கப் புது விண்டோ திறக்கும். வரவேற்பில் இருந்த பெண் அட்ரஸ் பாரில் இரண்டு எழுத்துதான் தட்டினார். கீழே வரிசையாக இறங்கின: பெயர், வயது, என்ன டெஸ்ட், பாசிட்டிவா நெகட்டிவா. முந்தின நாள் வந்துபோனவர்கள் அத்தனை பேரும் ஹிஸ்டரியில் இருந்தார்கள். கவுன்டருக்கு இந்தப் பக்கம் நின்ற ஒரு பெரியவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தார். அதுவும் ஒரே வரிக் கோடுதான்.

"எச்டிடிபிஎஸ் இருக்கேண்ணா?" இருக்கிறது. வழியில் யாரும் பிரித்துப் பார்க்காமல் அது காக்கும். புறப்பட்ட இடத்து ஹிஸ்டரியையும், போய்ச் சேர்ந்த இடத்தில் வந்த முகவரிகளையெல்லாம் எழுதி வைக்கும் சர்வர் லாக்கையும் யார் காப்பது? யூஆர்எல்லில் ஹாஷ் குறிக்குப் (#) பின்னால் போட்டால் சர்வருக்குப் போகாது என்பார்கள். போகாது, ஹிஸ்டரியில் இருக்கும். பிரவுசருக்குள்ளேயே சேமித்து வைக்கும் லோக்கல் ஸ்டோரேஜ்? விண்டோவை மூடினாலும் அழியாது, நாமாக அழிக்க வேண்டும். இதுவரை யார் அழித்திருக்கிறீர்கள்? விண்டோவை மூடினால் தானாக அழிந்துவிடும் செஷன் ஸ்டோரேஜ் என்று ஒருவர் சொன்னார். அது நியாயமான பேச்சு. ஒரே தளத்துக்குள் விண்டோ.ஓப்பன் வழியாகத் திறந்தால் அதன் நகல் புது விண்டோவுக்கும் கிடைக்கும். அவர் கைதட்டவில்லை என்பதையும் கவனித்தேன்.

அந்த நாற்பது வரியில் என்ன இருந்தது என்று யாராவது கேட்டீர்களா? புது விண்டோ முதலில் "நான் தயார்" என்று சொல்ல வேண்டும். அதற்கு முன் அனுப்பினால் வாங்க ஆள் இல்லை, போனது போனதுதான். பிறகு போஸ்ட்மெசேஜ், அதாவது ஒரு விண்டோவிலிருந்து இன்னொன்றுக்கு நேராகச் செய்தி அனுப்பும் வழி. யாருக்கு என்கிற இடத்தில் யாராக இருந்தாலும் சரி என்று சோம்பேறித்தனமாக நட்சத்திரக் குறி போடாமல் நம் தளத்தின் ஆரிஜினை, அதாவது https-இல் தொடங்கும் அதன் அடிப்படை முகவரியை, எழுத வேண்டும். வாங்குகிற பக்கமும் எந்த ஆரிஜினிலிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். வந்ததைப் பக்கத்தின் கோடாகவே எடுத்துக்கொள்ளும் இன்னர்எச்டிஎம்எல்லில் கொட்டாமல், வெறும் எழுத்தாக மட்டும் காட்டும் டெக்ஸ்ட்கன்டென்ட்டில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் எவனோ எழுதிய ஸ்கிரிப்ட் நம் பக்கத்தில் ஓடும். இதற்குப் பெயர் ஓவர் எஞ்சினியரிங்காம்.

போஸ்ட்மெசேஜ் பயர்பாக்ஸுக்கு 2008இல் வந்தது, இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு 2009இல். 2005இல் நாங்கள் எல்லாரும் செய்துகொண்டிருந்தது நீங்கள் மேடையில் செய்து காட்டியதைத்தான், தம்பி.

அப்புறம், மேடையில் அவர் அனுப்பிக் காட்டியது "ஹலோ வேர்ல்ட்". ஒரு தமிழ்ப் பெயரைப் போட்டுப் பார்த்திருக்கலாம். எழுத்துகளைக் கம்ப்யூட்டரில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட், யூஆர்எல்லில் சதவீதக் குறிகளோடு 9 எழுத்து. துணைக்குறிகள், புள்ளி எல்லாம் சேர்த்து 11 குறி உள்ள கிருஷ்ணவேணி என்ற பெயர் மட்டும் 99 எழுத்து பிடிக்கும். அப்பாச்சி என்ற வெப் சர்வரில் நாம் எதையும் மாற்றாவிட்டால், யூஆர்எல் அடங்கிய மொத்தக் கோரிக்கை வரிக்கும் 8190 பைட்தான். டாக்டர் தமிழில் ஒரு பக்கத்துக்குக் குறிப்பு எழுதினால் 414, அதாவது முகவரி நீளம் அதிகம், என்று திருப்பி அனுப்பிவிடும். அவ்வளவு வேண்டாம், "காய்ச்சல் & சளி" என்று எழுதினாலே போதும். யூஆர்எல்லில் & குறிக்கு அடுத்த தகவல் தொடங்குகிறது என்று அர்த்தம்; அதைச் சதவீதக் குறியாக மாற்றி என்கோட் செய்யாத அந்த அழகான ஒரு வரியில் காய்ச்சல் மட்டும் போய்ச் சேரும், சளி காணாமல் போகும். நம் ஊரில் கூடி, தமிழிலேயே பேசி, தமிழ் டேட்டாவைச் சோதித்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. இதைச் சொன்னால் நான் சென்டிமென்ட் பேசுகிறேன் என்பீர்கள். பேசிவிட்டுப் போகிறேன்.

"இப்பல்லாம் யாருண்ணா புது விண்டோ திறக்கிறாங்க?" பிரிண்ட் எடுக்கிறவர்கள் திறக்கிறார்கள். கூகுள் கணக்கில் லாகின் செய்யப் பாப்-அப் வருமே, அதைப் பார்த்ததே இல்லையா?

சின்னப் பையன் மேல் இவ்வளவு கோபமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். பையன் மேல் இல்லை. அவருக்குத் தெரியவில்லை, கற்றுக்கொள்வார். முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்தவர்களுக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். அதில் சிலருக்கு ஆரிஜின் என்றால் என்ன என்று சொல்லிக்கொடுத்ததே நான்தான். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

அடுத்த மாதமும் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். "இந்தத் தடவை கொஞ்சம் ஜாலியா இருக்கட்டும் சார்" என்றார்கள். வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.