தியாகராஜர் கீர்த்தனைக்கு உரிமை கோருவது யார்?

வீடியோ தளங்களில் பதிப்புரிமை மீறலைத் தானாகக் கண்டுபிடித்து முடக்கும் வடிகட்டியை இறுக்கினால் கலைஞர்கள் பிழைப்பார்கள் என்கிறது உங்கள் கட்டுரை. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள எங்கள் கொழிஞ்சாம்பாறையில் என் மாமா நாதஸ்வர வித்வான். திருவிழாவில் தான் வாசித்த தியாகராஜர் கீர்த்தனையை ஒரு வீடியோ தளத்தில் ஏற்றினார். வாயில் வைத்து ஊதும் சீவாளியின் ஈரம் காய்வதற்குள் ஏதோ ஒரு இசை நிறுவனம் அது தன்னுடையது என்றது, வீடியோ முடங்கியது. தியாகராஜர் மறைந்தது 1847இல். நம் சட்டப்படி, படைத்தவர் இறந்து 60 ஆண்டுகளில் பதிப்புரிமை முடிந்துவிடும். அப்புறம், புகார் கொடுத்தவர் 21 நாளில் நீதிமன்ற உத்தரவு காட்டாவிட்டால் முடக்கியதைத் திறந்துவிடலாம் என்கின்றன 2013 பதிப்புரிமை விதிகள். மாமாவுக்கு இதை யார் சொன்னார்கள்? தமிழும் மலையாளமும் படிப்பார்; தளத்தின் ஆட்சேபப் படிவமோ முழுக்க ஆங்கிலம். பொய்யாக உரிமை கோருபவருக்கு என்ன தண்டனை? முதலில் அதை எழுதுங்கள்.