நாகசாகியில் தொடங்கிய கதைக்கு இப்படி ஒரு முடிவா?

ஹியூ ஜாக்மேனின் ‘தி வுல்வரின்’ 2013ல் வந்த படம். நஷ்டமும் கிடையாது, உலகம் முழுக்க 40 கோடி டாலருக்கு மேல் வசூல் செய்தது. அப்புறம் 2017ல் இதே இயக்குநர் ஜேம்ஸ் மேங்கோல்ட் ‘லோகன்’ எடுத்து எல்லோர் வாயையும் அடைத்துவிட்டார், அதனால் நடுவில் வந்த இந்தப் படத்தை இப்போது யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. இந்த வாரம் திரும்பவும் உட்கார்ந்து முழுசாகப் பார்த்தேன். முதல் தடவை பார்த்தபோது எந்த இடத்தில் கோபம் வந்ததோ, அதே இடத்தில் இப்போதும் வந்தது. அதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

படம் 1945 ஆகஸ்ட் 9ஆம் தேதி நாகசாகியில் தொடங்குகிறது. ஒரு சூப்பர் ஹீரோ படம் அங்கே போய்த் தொடங்குவது சாதாரண விஷயம் கிடையாது. ஜாக்மேன் நடிக்கும் லோகன், அதாவது வுல்வரின், போர்க்கைதியாக ஒரு கிணற்றுக்குள் அடைபட்டுக் கிடக்கிறான். எந்தக் காயமும் தானாக ஆறிவிடும், கையிலிருந்து கத்தி மாதிரி நகங்கள் நீளும், அதுதான் அவன் சக்தி. வானத்தில் அமெரிக்காவின் பி-29 குண்டுவீச்சு விமானங்கள். யாஷிடா என்ற இளம் ஜப்பானிய ராணுவ வீரன் ஓடிப்போய்க் கைதிகளைத் திறந்து விடுகிறான். அணுகுண்டு வெடிக்கிறது. லோகன் அவனைக் கிணற்றுக்குள் இழுத்து, தன் உடம்பையே கவசமாக வைத்துக் காப்பாற்றுகிறான். கருகிப்போன லோகனின் உடம்பு அந்த இளைஞனின் கண் முன்னாலேயே ஆறுகிறது.

எவ்வளவு பெரிய தொடக்கம் இது! யோசித்துப் பாருங்கள். ஒரு நகரமே எரிந்துகொண்டிருக்கும்போது, தீக்காயம் ஆறுகிற ஓர் உடம்பை ஒரே ஒரு மனிதன் பார்க்கிறான். அன்றைக்கு அந்த ஊரில் யாருக்கும் கிடைக்காத ஒன்றை அவன் பார்க்கிறான். அந்த வருடம் முடிவதற்குள் நாகசாகியில் சுமார் 74,000 பேர் இறந்துபோனார்கள். தப்பியவர்கள் அதற்கப்புறம் பல பத்தாண்டுகள் ரத்தப் புற்றுநோயோடும், கதிர்வீச்சு எப்போது என்ன செய்யுமோ என்ற பயத்தோடும் வாழ்ந்தார்கள். கல்யாணம் நின்றுவிடும் என்று தாங்கள் அன்று அந்த ஊரில் இருந்ததையே மறைத்தவர்கள் உண்டு. ஹிபாகுஷா என்று அழைக்கப்படும் அவர்கள் ஒன்றுசேர்ந்து 1956ல் நாகசாகியில்தான் தங்கள் அமைப்பைத் தொடங்கினார்கள், அந்த நிஹோன் ஹிடான்கியோ அமைப்புக்குத்தான் 2024ல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. படத்தின் யாஷிடாவும் அப்படித் தப்பிய ஒருவர்தான். கிழவராகிப் படுக்கையில் கிடக்கும் அவர், சாகவே முடியாத மனிதனைக் கூப்பிட்டு அனுப்பி, உன் சக்தியை எனக்குக் கொடு, நீ நிம்மதியாகச் செத்துப்போகலாம் என்கிறார். லோகனும், முந்தைய படம் ஒன்றில் தான் காதலித்த ஜீன் கிரேயைத் தன் கையால் கொன்ற நினைவோடு யூகோன் காட்டில் தனியாக அலைபவன், சாவைத் தேடுபவன். வாழ வேண்டும் என்று ஏங்கும் கிழவர் ஒரு பக்கம், வாழப் பிடிக்காத சாகாவரம் பெற்றவன் இன்னொரு பக்கம். இந்த இரண்டு பேரை ஓர் அறையில் உட்கார வைத்துப் பேசவிட்டாலே படம் நின்றிருக்கும்.

பேசுகிறார்கள். ஒரே ஒரு காட்சி. அன்றிரவே கிழவர் இறந்துவிட்டார் என்று சொல்லிவிட்டு, படம் ஜப்பானைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பிவிடுகிறது.

அதற்கப்புறம் வருவதையெல்லாம் வரிசையாகப் பாருங்கள். லோகன் அழுக்காக இருக்கிறான் என்று இரண்டு பெண்கள் தொட்டியில் போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டுகிறார்கள். சோஜோஜி கோயிலில் இறுதிச் சடங்கு, அங்கே துறவி வேஷத்தில் யாகுசா ரவுடிகள், கூரை மேலே வில் அம்போடு நிஞ்சா. சூதாட்டக் கூடத்துக்குள் ஒரு ஓட்டம். புல்லட் ரயில் கூரையில் கத்திச் சண்டை. ஜோடிகள் மணிக்கணக்கில் அறை எடுக்கும் ஹோட்டல். சோற்றில் சாப்ஸ்டிக்கைச் செங்குத்தாகக் குத்தி வைக்கக் கூடாது, அது சாவு வீட்டு வழக்கம் என்று ஒரு பாடம். பனி பெய்யும் கிராமத்தில் நிஞ்சா கூட்டம். கடைசியில் சாமுராய். வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஜப்பான் என்றதும் மனதில் நினைக்கக்கூடிய ஒவ்வொன்றும் தலா ஒரு முறை வந்து போகிறது. எதுவும் அடுத்ததோடு ஒட்டவில்லை, எதிலும் கதை ஒரு அடி ஆழமாகப் போகவில்லை.

தகவல் பிழைகளைப் பிடித்துக்கொண்டு தொங்குகிற ஆள் இல்லை நான். அந்த ஓட்டம் டோக்கியோவின் தெற்கே சோஜோஜியில் தொடங்கி உவேனோ நிலையத்தில் நாகசாகிக்குப் போக ரயில் ஏறுவதில் முடிகிறது. உவேனோவில் நிற்கும் புல்லட் ரயில்கள் வடக்கே போகிறவை, நாகசாகி இருப்பதோ நேர் எதிர்த் திசையில். ரயில் கூரைக்கு மேலே 25,000 வோல்ட் மின்கம்பி ஓடுகிறது. படத்தின் பெரும்பகுதியை சிட்னியில் எடுத்தார்கள், நாகசாகி என்று காட்டும் கடலோர ஊர் ஓமிஷிமா தீவும் தோமோனோவுராவும் சேர்ந்தது. இதெல்லாம் சினிமாவில் சகஜம், மன்னித்துவிடலாம். ரயில் சண்டை பார்க்க நன்றாகவே இருக்கிறது.

ஆனால் தொடக்கக் காட்சியிலேயே ஒன்று நடக்கிறது, அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. விமானங்களைப் பார்த்ததும் அதிகாரிகள் கடற்கரையில் மண்டியிட்டு வயிற்றைக் கிழித்துக்கொள்கிறார்கள். குண்டு வெடிப்பதற்கு முன்னாலேயே! அன்று காலை நாகசாகியில் நிஜமாக நடந்தது என்ன? காலை 7:50க்குக் கொடுத்த விமானத் தாக்குதல் எச்சரிக்கையை விலக்கிக்கொண்டு விட்டார்கள், மக்கள் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். குண்டு கொக்குரா நகரத்துக்குக் குறிவைத்தது, அங்கே தரை சரியாகத் தெரியாததால் விமானம் நாகசாகிக்குத் திரும்பியது. 10:53க்கு இரண்டு விமானங்களைப் பார்த்தவர்கள் வேவு பார்க்க வந்தவை என்றுதான் நினைத்தார்கள். 11:02க்கு உராகாமி பள்ளத்தாக்கின் மேலே வெடித்தது. தலைமுறை தலைமுறையாக மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவர்களின் வாரிசுகள் கட்டிய பெரிய தேவாலயம் அங்கே இருந்தது, பள்ளிக்கூடங்கள் இருந்தன, ஆயுதத் தொழிற்சாலைகள் இருந்தன, கட்டாய வேலைக்கு இழுத்து வரப்பட்ட கொரியர்கள் இருந்தார்கள். போர்க்கைதி முகாம்கூட நிஜத்தில் இருந்தது, டச்சு, ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் கைதிகள் அதில் இருந்தார்கள். இவ்வளவு மனிதர்கள் நிறைந்த ஊர் அது. படத்தில் அந்த ஊரே இல்லை. ஒரு கடற்கரை, ஒரு முகாம், வாளை எடுத்து வயிற்றில் செருகும் மூன்று பேர். எதிர்பாராமல் தலையில் விழுந்த பேரழிவைக்கூட, இவர்கள் சடங்கு மாதிரி சாவைத் தேடிக்கொள்கிறவர்கள் என்று மாற்றிக் காட்டிவிட்டார்கள். அதில் என்ன அழகு இருக்கிறது?

இங்கே தொடங்கும் கோளாறுதான் படம் முழுக்க ஓடுகிறது என்று நினைக்கிறேன். ஜப்பானியப் பாத்திரம் ஒன்று ஏன் இப்படிச் செய்கிறது என்று கேட்டால், அது கௌரவம், அது பரம்பரைக் கடமை என்ற பதில்தான் வருகிறது. ஹராடாவை எடுத்துக்கொள்ளுங்கள். யாஷிடா குடும்பத்தை நூற்றாண்டுகளாகக் காக்கும் நிஞ்சா கூட்டத்துக்காரன், யாஷிடாவின் பேத்தி மாரிகோவைக் காதலித்தவன், அவளைக் காப்பாற்ற அம்பு விடுகிறான், அப்புறம் அவளையே தூக்கிக்கொண்டு போகிறான், கடைசியில் மறுபடியும் மனம் மாறிச் சாகிறான். அவன் மனதுக்குள் என்ன நடந்தது என்று ஒரு நிமிடம்கூடப் படம் கேட்கவில்லை. கூட்டத்துக்கு விசுவாசம் என்று சொன்னால் போதும் என்று எழுதியவர்கள் நினைத்துவிட்டார்கள். இன்னொரு நாட்டு மனிதர்களைக் கொஞ்சம் புரியாத, மர்மமான ஆட்களாக வைத்திருப்பது அழகு என்று நினைத்தால், அந்த மனிதர்களுக்குக் காரணம் எழுத வேண்டிய வேலையே இல்லாமல் போகிறது. காரணம் இல்லாத இடத்தில் கதை எப்படி நிற்கும்?

இதற்கு ஒரே விதிவிலக்கு யாஷிடாவின் மகனும் மாரிகோவின் அப்பாவுமான ஷிங்கென். அப்பா கம்பெனியைத் தனக்குத் தராமல் பேத்தி மாரிகோவுக்கு எழுதி வைத்துவிட்டார் என்ற ஆத்திரத்தில் பெற்ற மகளையே கொல்லத் துணிகிறான். சொத்து, புறக்கணிப்பு, அப்பன் மேல் தீராத வன்மம். எந்த ஊர்க்காரனுக்கும் புரிகிற காரணம். ஹிரோயுகி சனாடா அதை நடிப்பதைப் பார்க்க வேண்டுமே, கண்ணில் அவ்வளவு கசப்பு. அந்த மனிதரை முக்கால்வாசி நேரம் ஓரத்தில் நிற்க வைத்து, கடைசியில் கவசம் மாட்டி ஒரு சண்டை போடவிட்டு முடித்துவிட்டார்கள். படத்தின் நிஜமான வில்லனாக இருந்திருக்க வேண்டியவர் அவர். அவருக்குப் பதிலாக வைப்பர் என்ற விஷப் பெண் வருகிறாள், பச்சை உடையில், பாம்பு நாக்கோடு. அந்தக் குடும்பத்தோடு, அந்த ஊரோடு, அந்தக் குண்டோடு அவளுக்கு என்ன சம்பந்தம் என்று இரண்டாவது முறை பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை.

மூலக்கதையான காமிக்ஸே அப்படித்தான் என்று சிலர் சொல்வார்கள். 1982ல் கிறிஸ் கிளேர்மான்ட் எழுதி ஃபிராங்க் மில்லர் வரைந்த நான்கு இதழ் தொடர் அது. அதிலும் நிஞ்சாக்கள் நிறைய, கௌரவப் பேச்சும் நிறைய, அமெரிக்கா முழுக்க நிஞ்சா மோகம் தலைக்கேறிய காலம். ஆனாலும் அதற்குள் ஒரு நெஞ்சைத் தொடும் கேள்வி இருந்தது. மாரிகோ பார்த்துக்கொண்டிருக்கும்போதே மரவாள் சண்டையில் ஷிங்கெனிடம் லோகன் தோற்கிறான். தோற்றதைவிட, ஆத்திரத்தில் தான் மிருகமாக மாறியதை அவள் பார்த்துவிட்டாள் என்பதுதான் அவனை உடைக்கிறது. மிருகமா மனிதனா என்ற கேள்வியோடு அவன் எழுந்து வருவதுதான் அந்தக் கதை. முப்பது வருடம் கழித்து எடுத்தவர்கள் நிஞ்சாவை வைத்துக்கொண்டு அந்தக் கேள்வியை விட்டுவிட்டார்கள்.

நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நடுவில் ஓர் இருபது நிமிடம் இந்தப் படம் அருமையாக இருக்கிறது. லோகனும் மாரிகோவும் கடலோர வீட்டில் ஒளிந்திருக்கும் பகுதி. சக்தி முடங்கியதால் காயம் ஆறாத லோகன், முதல் முறையாக உடம்பு வலியோடு நடக்கும் லோகன். ஊர்க்காரர்களோடு சேர்ந்து வழியில் விழுந்த மரத்தை வெட்டுகிறான். பக்கத்து வீட்டாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான். பழைய கிணற்றைப் போய்ப் பார்க்கிறான். அந்தச் சில நிமிடங்களில் ஜப்பான் என்பது மனிதர்கள் வாழும் ஓர் ஊராக இருக்கிறது, அங்கே மழை பெய்யும், சமையல் நடக்கும், கிழவிகள் பேசிக்கொண்டிருப்பார்கள். மேங்கோல்டுக்கு இது தெரியும், அவருக்கு இதுதான் பிடிக்கும் என்பது ‘லோகன்’ பார்த்தவர்களுக்குத் தெரியும். அதனால்தான் ஆற்றாமை அதிகமாகிறது.

அப்புறம் கிளைமாக்ஸ். மலை உச்சியில் ஒரு கோட்டை மாதிரி ஆராய்ச்சிக்கூடம். அடமான்டியம் என்ற, உடைக்கவே முடியாத கற்பனை உலோகத்தில் செய்த ராட்சத இயந்திர சாமுராய், பழுக்கக் காய்ச்சிய வாள். உள்ளே யார் என்று பார்த்தால், இறந்துபோனதாகச் சொன்ன அதே யாஷிடா. கம்பெனிப் பணத்தையெல்லாம் இதில் கொட்டிவிட்டார். லோகனின் நகங்களை வெட்டி, எலும்புக்குள் துளையிட்டு, சக்தியை உறிஞ்சி இளமையாகிறார். நாகசாகியில் தப்பிய ஒரு மனிதர், சாவைப் பார்த்துப் பார்த்து இப்படி ஆகிவிட்டார் என்றால் அது எவ்வளவு பெரிய சோகம். இந்த மனிதன் என்னைக் காப்பாற்றினான், அவனையே நான் தின்கிறேன் என்ற குற்ற உணர்ச்சி ஒரு வரியாவது வேண்டாமா? ஆகஸ்ட் 9க்கு அப்புறம் அவர் எப்படித் தூங்கினார், எதைப் பார்த்துப் பயந்தார், அந்த ஊரில் அவருக்கு யார் யார் செத்துப்போனார்கள் என்று யாரும் கேட்கவில்லை. மாரிகோ லோகனின் வெட்டுண்ட நகங்களை எடுத்துத் தாத்தாவைக் குத்துகிறாள், லோகன் அவரைப் பள்ளத்தில் தள்ளிவிடுகிறான், முடிந்தது. நாகசாகியின் ஒரு ஹிபாகுஷாவை ரோபோ சண்டை வில்லனாக முடித்துவிட்டு, அதை ஒரு திருப்பம் என்று நம் முன்னால் வைக்கிறார்கள்.

முதலில் இந்தப் படத்தை இயக்க இருந்தவர் டேரன் அரோனோஃப்ஸ்கி. வெளிநாட்டில் குடும்பத்தைப் பிரிந்து ஒரு வருடம் இருக்க முடியாது என்று 2011 மார்ச்சில் விலகிவிட்டார். அவர் எடுத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நிறைய பேர் ஏங்குவார்கள். என் ஏக்கம் வேறு. சனாடாவின் கையில் கொஞ்சம் அதிகாரம் கொடுத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பதுதான். ஹாலிவுட் படப்பிடிப்புகளில் ஜப்பானிய விஷயங்கள் தப்பாக இருந்தால் தன்னால் முடிந்ததைச் சொல்லித் திருத்தப் பார்ப்பேன் என்று அவர் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நடிகராக மட்டும் இருந்து எவ்வளவு திருத்த முடியும்? 2024ல் ‘ஷோகன்’ தொடரில் அவர் தயாரிப்பாளராகவும் இருந்தார். வசனத்தில் பெரும்பகுதி ஜப்பானிய மொழியில். உடை, நடை, உட்காரும் விதம் எல்லாவற்றுக்கும் விவரம் தெரிந்த ஆட்களைப் பக்கத்தில் வைத்து வேலை செய்தார்கள். அங்கேயும் கௌரவம் உண்டு, வயிற்றைக் கிழித்துக்கொள்வதும் உண்டு, ஆனால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் அரசியல் கணக்கு, பயம், பாசம், பழி எல்லாம் தெரிகிறது. அந்த வருடம் எம்மி விருதுகளில் 18 வாங்கியது, சிறந்த நடிகர் விருது சனாடாவுக்கு. பார்ப்பவர்களுக்குப் புரியாது என்று பயந்து எதையும் எளிமையாக்கத் தேவையில்லை என்று அந்தத் தொடர் காட்டிவிட்டது.

சரி, அதெல்லாம் பதினொரு வருடம் கழித்து. இந்தப் படத்துக்கே திரும்பினால், கடைசியாக எனக்கு மனசு கேட்காத விஷயம் யுகியோ. சிவப்பு முடி, கையில் வாள், அடுத்தவர் சாவை முன்கூட்டியே பார்க்கும் சுமை. ரிலா ஃபுகுஷிமா அவளை அவ்வளவு உயிரோடு நடித்திருக்கிறார், படத்தில் லோகனை நட்பாகப் பார்க்கும் ஒரே ஆள் அவள்தான். இனி நான்தான் உனக்குப் பாதுகாப்பு என்று அவனோடு விமானம் ஏறுகிறாள். அடுத்த நிமிடம் திரையில் இரண்டு வருடம் ஓடிவிடுகிறது. விமான நிலையத்தில் லோகன் தனியாக நிற்கிறான், எக்ஸ்-மென் படங்களின் மேக்னெட்டோவும் சேவியரும் வந்து அடுத்த படத்தை அறிவிக்கிறார்கள். யுகியோ எங்கே போனாள் என்று அதிலும் சொல்லவில்லை, அதற்கப்புறம் வந்த படங்களிலும் சொல்லவில்லை. கம்பெனியின் தலைவியாக டோக்கியோவில் நிற்கும் மாரிகோவும் அதற்கப்புறம் எந்தப் படத்திலும் வரவில்லை.